கடைக்காரரின் கழிவும் வீட்டிலிருந்து கற்கும் பிள்ளையும்

புதிய கல்வியாண்டு தொடங்கும் காலத்தில் யாழ்ப்பாண நகரத்தின் கடைத்தெருக்கள் தனியொரு கோலம் பூணுகின்றன. கஸ்தூரியார் வீதியிலும் அதனை ஒட்டிய தெருக்களிலும் அப்பியாசக் கொப்பிகள் கட்டுக்கட்டாக வாசல்வரை வந்துவிடுகின்றன. புத்தகப்பைகள் கூரையிலிருந்து தொங்குகின்றன. வெள்ளைச் சப்பாத்துக்கள் பெட்டியோடு நடைபாதைக்கு இறங்குகின்றன. இவற்றிற்கெல்லாம் மேலே, மாணவர்களுக்கு விசேட விலைக்கழிவு என்னும் பதாகை. சில கடைகளில் கழிவு எல்லோர்க்கும் உண்டு. சில கடைகளில் பாடசாலை அடையாளத்தோடு வருவோர்க்கு மட்டுமே. பெற்றோர் மகிழ்கின்றனர், வணிகரும் மகிழ்கின்றனர். இச்சமுதாயம் கல்வியைப் போற்றுகின்றது என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டுவோரும் உளர்.

அப்பதாகையின் கீழ் நின்று கொப்பிகளைக் கட்டிக் கொடுக்கும் இளைஞனைப் பற்றி எவரும் பேசுவதில்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறியதால், அல்லது தந்தையின் உழைப்பு நின்றதால், பாடசாலையை விட்டு நீங்கியவன் அவன். இரவில் வீட்டிலிருந்து படிக்கின்றான். மறுமுறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுவதே அவனது எண்ணம். அவனிடம் பாடசாலை அடையாள அட்டை இல்லை. பிறருக்குப் பத்து வீதம் குறைத்துக் கட்டிக் கொடுக்கும் கொப்பியை அவன் தனக்கென வாங்கும்போது முழு விலையும் கொடுக்கவேண்டியவனாகின்றான். முதலாளி நல்லவராயின் அவனுக்கும் குறைக்கலாம். ஆனால் ஒரு பிள்ளையின் கல்வி இன்னொருவரின் நற்குணத்தைப் பற்றிக்கொண்டு நிற்பது தகுமா என்பதே இங்கு எழும் வினா.

வீட்டிலிருந்து கற்றல் என்றவுடன் அமெரிக்க ஐக்கிய நாடுகளை நினைப்போர் பலர். அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டத்தால் ஏற்கப்பட்டது. 2016 இல் அந்நாட்டுக் கல்விப் புள்ளிவிபர நிலையம் எடுத்த மதிப்பீட்டின்படி ஏறத்தாழப் பதினேழு இலட்சம் பிள்ளைகள், அதாவது பள்ளி வயதினருள் 3.3 சதவீதத்தினர், வீட்டிலிருந்தே கற்றனர். அங்கே தாயே ஆசிரியை. ஆகவே ஆசிரியர்களுக்கென வழங்கும் விலைக்கழிவைப் பார்ன்ஸ் அன்ட் நோபிள் போன்ற பெரும் புத்தக நிறுவனங்கள் வீட்டில் கற்பிக்கும் பெற்றோர்க்கும் நீட்டியுள்ளன. சமய நம்பிக்கையாலோ, அரசாங்கப் பள்ளிகளின்மீது கொண்ட ஐயத்தாலோ, பிள்ளையின் தனித்தன்மை கருதியோ அப்பெற்றோர் இவ்வழியைத் தெரிந்துகொண்டவர்கள். அவர்கள் வாங்கும் ஆற்றலும் உடையவர்களாதலின் சந்தை அவர்களைக் கண்டுகொண்டது. ஜேர்மனியோ பள்ளிக்குச் செல்லுதலைக் கட்டாயமாக்கி வீட்டுக் கல்வியை மறுக்கின்றது. இவ்விரண்டினுள் எது சரி என்பது வேறொரு விவாதம்.

யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து கற்கும் பிள்ளை எதனையும் தெரிந்துகொண்டதில்லை. அவனை அல்லது அவளை வீட்டில் இருத்தியவை வேறு. உயர்தரத்தில் இரண்டாம், மூன்றாம் முறை தோற்றும் பொருட்டுப் பாடசாலைக்கு வெளியே நிற்போர். கடலுக்குச் செல்லும் தந்தைக்குத் துணையாகப் போய் வகுப்பைத் தவறவிட்டோர். நடக்க இயலாத காரணத்தால் பேருந்தில் ஏற முடியாதோர். நோயுற்ற தாயைப் பார்க்கவென்று மறிக்கப்பட்ட பெண்பிள்ளைகள். இளவயதில் மணமுடித்து மீண்டும் புத்தகத்தைத் தொட விரும்புவோர். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் பெயர்க்கப்பட்டு, மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் விடப்படும்வரை நலன்புரி முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழ்ந்த குடும்பங்களுள், பள்ளியை இடையில் விட்ட ஒரு பிள்ளையேனும் இல்லாத குடும்பம் அரிது. இவர்களைச் சுட்டுதற்கு ஒரு பொதுப்பெயர்தானும் தமிழில் இல்லை. விடுபட்டவர் என்று சொல்லிக் கடந்துபோவதே வழக்கமாகிவிட்டது.

விடுபட்டது எதிலிருந்து? இடாப்பிலிருந்து. இக்கட்டுரையின் முழு வாதமும் அந்த ஒரு சொல்லிலேயே தங்கியுள்ளது.

1945 ஒக்ரோபர் முதலாந் திகதி முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இந்நாட்டின் வறிய மக்கள் பெற்ற பேறுகளுள் தலையாயது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயர் அதனால் நிலைத்தது. 1980 இல் பாடநூல்கள் இலவசமாயின. 1993 இல் சீருடைத் துணியும் இலவசமாயிற்று. இவற்றைச் சிறிதென்று எவரும் சொல்லார். ஆனால் இவை அனைத்தும் பாடசாலை இடாப்பின் வழியாகவே பிள்ளையைச் சென்றடைகின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. இடாப்பில் பெயர் உள்ளவரை அவன் அரசின் பிள்ளை. பெயர் வெட்டப்பட்ட அன்றே பாடநூல் நின்றுவிடுகின்றது, சீருடை நின்றுவிடுகின்றது, பரீட்சைக்குக் கட்டணம் வந்துவிடுகின்றது. பாடசாலைப் பரீட்சார்த்தியின் விண்ணப்பம் அதிபர் ஊடாகக் கட்டணமின்றிச் செல்ல, தனிப்பட்ட பரீட்சார்த்தி தன் கைப்பணத்தைக் கட்டியே அதே மண்டபத்தில் அதே வினாத்தாளைப் பெறுகின்றான். 2025 இன் தொடக்கத்தில் அஸ்வெசும உதவி பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எழுதுகருவிகள் வாங்கவென ரூபா 6,000 வழங்கப்பட்டபோதும் அது பாடசாலை செல்லும் பிள்ளைக்குரியதாகவே வகுக்கப்பட்டது. ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்து படிக்கும் அக்காளுக்கும் தம்பிக்கும் இடையே அரசு கோடு கிழித்துவிடுகின்றது. தம்பிக்குக் கொப்பி உண்டு. மூன்றாம் முறை உயர்தரம் எழுதும் அக்காளுக்கு இல்லை.

அரசு கிழித்த இக்கோட்டைக் கடைக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டார் என்பதே உண்மை. ஆகவே அவர்மீது மட்டும் குற்றஞ்சாட்டுதல் எளிய வேலை. நேர்மையான வேலை அன்று.

எனினும் கழிவு என்பது யாதெனச் சற்று நோக்குதல் வேண்டும். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. முந்திய ஆண்டில் நூறு ரூபாவுக்கு விற்றதொன்று நூற்றெழுபது ரூபாவாயிற்று எனக் கொள்வோம். அதிற் பத்து வீதம் குறைத்தால் நூற்றைம்பத்துமூன்று. கழிவு பெற்றுக்கொண்ட தாய் முந்திய ஆண்டைவிட ஐம்பத்துமூன்று ரூபா கூடுதலாகக் கொடுத்துவிட்டு, மிச்சம் பிடித்ததாக எண்ணி வீடு திரும்புகின்றாள். இது சராசரிக் கணக்கே. கடதாசி இறக்குமதிப் பொருளாதலின் கொப்பியின் விலையேற்றம் இதனையும் மிஞ்சியது. அவ்வாண்டு மார்ச்சில் அச்சிடக் கடதாசி இல்லையென மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாயிற்று. புத்தகப்பையிலும் சப்பாத்திலும் வணிகர் பத்தை விட்டுக்கொடுக்க, அதே பொருளிற் பதினெட்டை அரசு எடுத்துக்கொள்கின்றது. இலவசக் கல்வி என்ற சொல் அப்போதும் மேடைகளில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

கழிவின் இயல்பு இன்னொன்றும் உண்டு. அது வாங்குவோர்க்கே கிடைக்கும். கூடுதலாக வாங்குவோர்க்குக் கூடுதலாகக் கிடைக்கும். பன்னிரண்டு கொப்பியும் பையும் சப்பாத்தும் ஒருசேர வாங்கக்கூடிய உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைக்கு வாய்க்கும் இலாபம், இரண்டு கொப்பி வாங்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு வாய்ப்பதில்லை. இவ்வகையிற் கழிவு வறுமையைக் குறைப்பதற்கு மாறாக, வறுமை குறைந்தவனுக்கே துணை நிற்கின்றது எனலாம். கழிவு என்னும் சொல்லுக்கே நம் வழக்கில் வேண்டாதென ஒதுக்கப்பட்டது என்ற பொருளும் உண்டு. சொல்லின் குற்றம் அன்று அது.

நகரத்துப் பதாகைகளோடு ஒப்பிடும்போது கிராமத்து மூலைக்கடையின் கடன்கொப்பி எவ்வளவோ மேலானது. அங்கே எவரும் அடையாள அட்டை கேட்பதில்லை. இன்னாரின் மகள், இன்ன ஒழுங்கை என்பதே அடையாளம். பிள்ளை வந்து ஒரு கொப்பியும் பேனையும் கேட்டால் கடைக்காரர் பெயரின் கீழ் ஒரு கோடு போடுகின்றார். தகப்பனின் கூலி வந்ததும் கோடு அழிகின்றது. சில கோடுகள் அழிவதேயில்லை. அவற்றைப் பற்றிப் பத்திரிகையில் விளம்பரமும் வருவதில்லை. இதனைப் பொற்காலமென்று போற்றவேண்டியதில்லை. அக்கடன்கொப்பியில் சாதியும் உறவும் கணக்குப் பார்த்தே எழுதப்பட்டன என்பதும், ஒழுங்கையின் இந்தப் பக்கத்தார்க்கு எழுதிய பேனை அந்தப் பக்கத்தார்க்கு எழுத மறுத்ததும் மறக்கத்தக்கவை அல்ல. ஆயினும் படிக்கும் பிள்ளையைப் படிக்கும் பிள்ளையாகக் காண அங்கு இடாப்பு தேவைப்படவில்லை.

யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாற்றை நோக்குமிடத்து, கைம்மாறு கேட்கும் உதவி புதியதன்று என்பது புலனாகும். 1816 இல் இங்கு வந்த அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியையும் அதற்கடுத்த ஆண்டில் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். உணவும் உடையும் உறையுளும் இலவசம். ஆனால் பிள்ளைகள் பலர் தம் செலவைத் தாங்கிய அமெரிக்கக் கொடையாளரின் பெயரைச் சுமக்க நேர்ந்தது. அவர்கள் தந்த கல்வியின் பெறுமதியை மறுப்பது நன்றியின்மை. அதற்குரிய விலை பெயரில் அறவிடப்பட்டதை மறைப்பது பொய். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அச்சியந்திரமும் நிறுவிப் பாலபாடங்களை அச்சிட்டது அதற்குரிய மறுமொழியாக அமைந்தது. அவரது பள்ளியும் எல்லாச் சாதியினர்க்கும் திறந்த பள்ளியன்று. ஆனால் புத்தகம் மலிந்தாலன்றிக் கல்வி பரவாது என்னும் உண்மையை அவர் அச்சுக்கூடத்தில் நின்று கண்டார். பிடியரிசி சேர்த்துப் பள்ளிகளைத் தாங்கிய வழக்கமும் இம்மண்ணுக்குரியதே. பிடியரிசி கொடுத்தவள் ரசீது கேட்டதில்லை.

போர்க்காலம் இன்னும் அண்மையது. 1990 இல் மின்சாரம் நின்றபின் குடாநாட்டுப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்தனர். மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கிற் செலவிட்டனர். 1995 ஒக்ரோபர் முப்பதாந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, பாடசாலை என்ற கட்டடமே அப்பிள்ளைகளுக்கு இல்லாமற் போயிற்று. மரநிழலிலும் கோயில் மடங்களிலும் அயல்வீட்டு விறாந்தைகளிலும் கற்றவர்கள் பின்னர் வைத்தியராயினர், விரிவுரையாளராயினர். அவர்களுள் எவரிடத்தும் அன்று அடையாள அட்டை கேட்கப்பட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை அவர்களே கூறட்டும்.

2020 மார்ச்சிற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இலங்கையின் வீடுகள் அனைத்தும் ஒரே நாளிற் பள்ளிக்கூடங்களாயின. வீட்டிலிருந்து கற்றல் என்பதை அதுவரை அறியாதோரும் அறிந்தனர். கைத்தொலைபேசி உள்ள பிள்ளை கற்றது. இல்லாத பிள்ளை அயல்வீட்டு வேலியோரம் நின்றது. அக்காலத்திற் பல்கலைக்கழக மாணவர் தத்தம் கற்றல் முகாமைத்துவத் தளங்களைத் தரவுக் கட்டணமின்றி அணுகத் தொலைபேசி நிறுவனங்கள் வழிசெய்தன. நூறு வீதக் கழிவு! எவரும் அதனைச் சலுகையென்று வெட்கப்படவில்லை. தேவை ஏற்கப்பட்டது, ஒழுங்கு செய்யப்பட்டது. செய்ய முடியாதென்று சொல்லப்படும் ஒன்று சில நாள்களிற் செய்யப்பட்டது. அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதையும் இவ்விதழின் வாசகர் அறிவர்.

அவ்வாசகருள் எத்தனை பேர் முதல் முறையிலேயே இங்கு வந்தவர்கள்? இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ எழுதி, இடையில் ஓராண்டோ ஈராண்டோ வீட்டிலும் தனியார் வகுப்பிலுமாகக் கழித்து, தனிப்பட்ட பரீட்சார்த்தி என்னும் பெயருடன் மண்டபத்தில் நுழைந்தவர்கள் கலைப்பீடத்தில் மட்டுமா உள்ளனர்? உள்ளே வந்தபின் மகாபொலவும் உதவிப்பணமும் உண்டு, விடுதி உண்டு, நூலக அட்டை உண்டு, கடைகளிற் கழிவும் உண்டு. வெளியே நின்ற அந்த ஓராண்டில் எதுவும் இருக்கவில்லை. உள்ளே வந்தோர் அந்த ஓராண்டை மறந்துவிடுவதே இவ்வநீதி நீடிப்பதற்கு முதற் காரணம் எனல் மிகையன்று. திருநெல்வேலியிற் பல்கலைக்கழகத்தைச் சூழவுள்ள போட்டோப் பிரதிக் கடைகளில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்த்தால் இது விளங்கும். பல்கலைக்கழக மாணவர் பக்கக் கணக்கில் விலைபேசிக் குறைத்து வாங்கும் அதே இடத்தில், பழைய வினாத்தாளின் நான்கு பக்கத்தைப் பிரதி எடுக்க வந்த தனிப்பட்ட பரீட்சார்த்தி சில்லறையை எண்ணிக்கொண்டு நிற்கின்றான். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இட்டிருக்கின்றது. நூலகம் நிறுவனமும் 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கி எவர்க்கும் திறந்துவைத்திருக்கின்றது. போற்றத்தக்க பணிகள். ஆனால் முந்நூறு பக்க நூலைக் கைத்தொலைபேசியின் உடைந்த கண்ணாடியிற் படிக்க முடியாதவன் அதனை அச்சிட்டே ஆகவேண்டும். இலவசம் அவ்விடத்தில் முடிந்துவிடுகின்றது.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் கூறப்படுகின்றன. பாடசாலைக்கு வெளியே கற்போர்க்கும் சலுகை வழங்கினால் இடைவிலகல் பெருகும் என்பது ஒன்று. கொப்பியிற் பத்து வீதம் குறையும் என்பதற்காகப் பள்ளியை விட்டு நீங்கிய பிள்ளை உலகத்தில் எங்கும் இல்லை. பிள்ளைகள் நீங்குவது பசியினால், கடனால், நோயினால், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் கேட்கப்படும் பணத்தினால், கரும்பலகையின் முன் நிறுத்தி ஏளனம் செய்யும் ஆசிரியரால். இவற்றுக்கு மருந்து தேடாதார் நீங்கிய பிள்ளையின் கொப்பியில் ஒழுக்கம் தேடுகின்றனர். மற்றையது, யார் உண்மையாகக் கற்கின்றார் என்று எவ்வாறு அறிவது என்பது. பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு தனிப்பட்ட பரீட்சார்த்திக்கும் சுட்டெண்ணும் அனுமதி அட்டையும் வழங்குகின்றது. கிராம அலுவலர் குடும்ப அட்டை முதல் மரணம் வரை எல்லாவற்றிற்கும் உறுதி தருகின்றார். ஒரு பிள்ளை வீட்டிலிருந்து படிக்கின்றது என்பதற்கு மட்டும் அவரது கையெழுத்துச் செல்லாதோ? அமெரிக்கக் கடைக்காரர் தாயின் ஒரு கடிதத்தை நம்புகின்றார். இங்கே அரசாங்க முத்திரை பதித்த அனுமதி அட்டையையும் நம்பத் தயக்கம்.

செய்யக்கூடியவை அரியன அல்ல. அஸ்வெசும பெறும் குடும்பத்துத் தனிப்பட்ட பரீட்சார்த்தியின் பரீட்சைக் கட்டணத்தை நீக்குவதால் திறைசேரி கவிழ்ந்துவிடாது. ஒவ்வொரு பிரதேச சபை நூலகத்திலும் தரம் ஆறு முதல் பதினொன்று வரையான பாடநூல்கள் சில தொகுதிகளேனும் இரவல் வழங்கப்படுமாயின், இடாப்பில் இல்லாத பிள்ளைக்கும் நூல் கிட்டும். 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்காக ஆண்டுதோறும் கண்ணீர் வடிப்போர், ஒழுங்கை மூலையில் மாலை ஐந்து மணிக்கே பூட்டப்படும் சிறு நூலகத்தை இரவு எட்டு மணிவரை திறந்துவைக்கக் கோரி ஒரு மனுவேனும் எழுதியதுண்டா? கூட்டுறவு இயக்கம் வேரூன்றிய மண் இது. மூளாயில் மக்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவு வைத்தியசாலையையே நிறுவிய வரலாறு இக்குடாநாட்டுக்கு உண்டு. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகள் அரச அச்சகக் கூட்டுத்தாபனத்தின் கொப்பிகளைக் கொள்விலைக்குச் சற்று மேலாக எவர்க்கும், எவ்வித அட்டையும் கேளாமல், ஆண்டு முழுவதும் விற்கலாம். அரிசியும் சீனியும் பங்கிட்ட கைகளுக்குக் கொப்பி பாரமாகுமா?

வணிகரிடத்துக் கேட்கவேண்டியது ஒன்றே. பதாகையில் உள்ள மாணவர் என்ற சொல்லுக்குக் கற்பவர் என்று பொருள்கொள்ளட்டும். அனுமதி அட்டையோ திறந்த பாடசாலைப் பதிவோ கிராம அலுவலரின் கடிதமோ கொண்டுவருவோரைப் பாடசாலைப் பிள்ளைக்குச் சமமாக நடத்தட்டும். முதலிற் தம் கடையிலே கொப்பி கட்டும் பையனிடமிருந்து தொடங்கட்டும். அது கொடையன்று, அவனது உழைப்பின் இலாபத்திலிருந்தே அவனுக்குத் திரும்பிச் செல்வது.

அடுத்த பரீட்சைக்குரிய விண்ணப்பம் கோரப்படும்போது அப்பையன் வேலை முடிந்து ஒரு கொமினிக்கேசன் கடைக்குச் செல்வான். தனிப்பட்ட பரீட்சார்த்தியின் விண்ணப்பம் இன்று இணையவழியே நிரப்பப்படுகின்றது. அவனிடம் கணினி இல்லை. நிரப்பிக் கொடுப்பவருக்கு ஒரு தொகை, அச்சுப் பிரதிக்கு ஒரு தொகை, பரீட்சைத் திணைக்களத்திற்கு ஒரு தொகை. மூன்றையும் கட்டி முடித்துப் பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேருந்து நிலையத்தில் இறுதிப் பேருந்து புறப்படுமுன் அவன் போய்ச் சேரவேண்டும்.